விரிப்புக்கு இரண்டு பேர்

செர்னோவா, சஸ்காச்சுவான்
1994 ஏப்ரல் 9

ஸ்லாவ்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இடது முட்டி மட்டும் நன்றாக இல்லை, அது உனக்குத் தெரிந்த கதை. நாய்க்குக் குறைவில்லை. உனக்கு அந்தக் கடற்கரை ஈரத்தில் இருமல் வராமல் இருக்கிறதா?

டெலிபோனில் பேசினால் நாம் இருவரும் உடம்பு விசாரித்து முடிப்பதற்குள் சண்டையில் இறங்கிவிடுகிறோம். கடிதத்தில் சண்டை போட எனக்குச் சோம்பல். அதனால் எழுதுகிறேன்.

லரிசாவின் கல்யாணப் பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். செப்டம்பர் 10, சனிக்கிழமை, நம் ஊர் ஹாலில். கோதுமை அறுப்பு நடுவில் கல்யாணம் வைத்த முதல் செர்னோவாப் பெண் நம் மகள்தான். மாப்பிள்ளை டாரன் ரெஜைனாவில் ஆபீஸ் வேலைக்காரன், செப்டம்பரில் வானிலை நன்றாக இருக்கும் என்று சொன்னானாம். நன்றாக இருப்பதால்தானே ஐயா அறுக்கிறோம்.

போன வாரம் அவள் என்னிடம், "அப்பா, மேசைக்கெல்லாம் கடைப் பூ வேணாம். நம்ம வீட்டுப் பூ வேணும். அம்மா போட்ட பாத்தி இருக்குல்ல?" என்றாள். நான் உடனே சரி என்றேன். எனக்குப் பூ வளர்க்கத் தெரியாது என்பது போனை வைத்த பிறகு ஞாபகம் வந்தது.

விதைப் பொட்டலங்கள் வாங்கி வந்தேன். ஜின்னியா, காஸ்மாஸ், வாசப் பட்டாணி. பின்பக்கம் முழுக்க ஒரே உபதேசம்: ஒருபருவம், பல்லாண்டு, வீட்டுக்குள் விதை, கடைசி உறைபனிக்குப் பின் நடு, கலை, கிள்ளு. முப்பது வருஷமாகக் கோதுமை போடுகிறேன், கோதுமை மூட்டை என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. நீ அங்கே நாற்றுப் பண்ணையில் புதிதாய்த் தோட்டம் போடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தானே சம்பளம் வாங்குகிறாய். எனக்கும் சொல்.

இன்னொன்று. ஹால் வாசலில் மணமக்களுக்கு ரொட்டியும் உப்பும் கொடுக்கப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தட்டைப் பிடிக்க வேண்டும். நீ வருகிறாயா? நீ வராவிட்டால் தான் பிடிப்பதாக ஸ்டெஃபா அக்கா சொல்கிறாள். அவள் கை நடுக்கத்துக்கு உப்பு முழுக்க மாப்பிள்ளையின் ஷூவுக்குள் போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நெஸ்டர்


விக்டோரியா
ஏப்ரல் 18

நெஸ்டருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் இல்லை. முட்டிக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு என்று எத்தனை தடவை சொன்னேன், நீ கேட்டால்தானே. நாய்க்கு என் முத்தத்தைச் சொல்.

ஒருபருவச் செடி என்றால் முளைத்துப் பூத்து விதை விட்டு அந்த வருஷமே செத்துப்போகும். உன் மூன்று பொட்டலமும் அந்த ஜாதிதான். பல்லாண்டுச் செடி குளிர்காலத்தில் செத்த மாதிரி கிடந்து, வசந்தத்தில் வேரிலிருந்து எழுந்து வரும். அதற்குப் பொறுமை வேண்டும், உனக்கு இப்போது அது தேவையில்லை.

ஜின்னியாவையும் காஸ்மாஸையும் வீட்டுக்குள் தட்டில் விதை. தெற்கு ஜன்னலில் வை. பட்டாணியை நேரே பாத்தியில் போடு, அது குளிரைத் தாங்கும். விதையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவை, விஸ்கியில் அல்ல.

கடைசி உறைபனி என்பது வசந்தத்தில் கடைசியாகப் பனி விழுந்து செடியைக் கருக்குகிற நாள். அதன் பிறகுதான் நாற்று வெளியே போகலாம். மே மாத நீண்ட விடுமுறையில் ஊரே மண்வெட்டியோடு இறங்கும். நீ இறங்காதே. ஜூன் பிறக்கட்டும்.

மற்றதற்கெல்லாம் இந்தத் தாளில் இடமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்லாவ்கா


செர்னோவா
மே 4

ஸ்லாவ்காவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். உனக்கும் எனக்கும்தான் தகராறு, நம் பழைய பஞ்சாங்கத்து ஈஸ்டருக்கும் எனக்கும் இல்லை. முட்டிக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தேன், கேட்கிறது. நீ நலமா?

இடமில்லை என்று எழுதியிருந்தாய். உன் தாளில் பாதி வெள்ளையாக இருந்தது. நாயிடம் காட்டினேன், அதுவும் ஒப்புக்கொண்டது.

விதைத்துவிட்டேன். கோதுமை விதைக்கிற கை, கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. தட்டெல்லாம் பச்சைக் கம்பளி விரித்த மாதிரி முளைத்திருக்கிறது. ஸ்டெஃபா அக்கா வந்து பார்த்தாள். "ஏண்டா, இது நாத்தா, தாடியா? பாதிய பிடுங்கிப் போடு" என்றாள். முளைத்ததை எப்படிப் பிடுங்குவது? எனக்கு மனசு வரவில்லை. ஆனால் எல்லாம் ஒல்லிக் கழுத்தோடு ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன, சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது நம் ஆட்கள் வாசலைப் பார்க்கிற மாதிரி.

வெளியே நடுவதற்கு முன் நாற்றைப் "பழக்க வேண்டும்" என்று போட்டிருக்கிறது. எதற்குப் பழக்க? நாய்க்குட்டியா அது?

இன்னொரு சந்தேகம். வீட்டு வடக்குச் சுவர் ஓரமாகக் கரும்பச்சையாய் ஒரு கொடி தரையோடு படர்ந்து கிடக்கிறது. களை என்று நினைக்கிறேன். கனோலாப் பயிருக்கு வாங்கிய களை மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அடித்துவிடட்டுமா?

வருகிறாயா என்று கேட்டிருந்தேன்.

நெஸ்டர்


விக்டோரியா
மே 12

நெஸ்டருக்கு,

மெய்யாகவே உயிர்த்தெழுந்தார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை ஒன்றுமில்லை.

அந்த மருந்து டப்பாவைக் கீழே வை. அது களை இல்லை, பார்வினோக். நம் ஊரில் பல் முளைக்காத குழந்தைக்குக்கூடத் தெரிந்த கொடி. லரிசா பிறந்த கோடையில் யார்க்டன் சர்ச் தோட்டத்திலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நான் நட்டது. கல்யாணத்தன்று அவள் தலைக்கு வளையம் பின்னுவது அதில்தான். நீ ஒரு சொட்டு மருந்து அடித்தாலும் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து மிச்சத்தை உன் காபியில் ஊற்றுவேன்.

நாற்றைக் கலைக்கத்தான் வேண்டும். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டு. பிடுங்கினால் பக்கத்து வேரும் கூட வரும். பத்தையும் வைத்துக்கொண்டால் பத்தும் பட்டினி. நாற்றுப் பண்ணையில் தினம் ஒருவராவது இதைக் கேட்டுக் கண் கலங்குகிறார், நீயும் அந்தக் கூட்டத்தில் சேருவாய் என்று நான் நினைக்கவில்லை.

பழக்குவது என்றால், ஜன்னலுக்குள் வளர்ந்த நாற்றுக்குக் காற்றும் வெயிலும் தெரியாது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் வெளியே வை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. ராத்திரி உள்ளே கொண்டுவா. பத்து நாள் இப்படிச் செய்தால் தண்டு முறுக்கேறும்.

ரொட்டித் தட்டைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டாய். அந்த ஹாலில் நான் கடைசியாகப் பிடித்த தட்டு என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும். இலையுதிர்கால விருந்து, முந்நூறு பேர், என் கையில் கோஸ் உருட்டுப் பலகாரத் தட்டு. கடலைப் பார்க்கக் கூட்டிப்போ என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எப்போதும் "அறுப்பு முடியட்டும்" என்பாய். அன்றைக்கு அறுப்பு முடிந்திருந்தது. நீ "அடுத்த அறுப்பு முடியட்டும்" என்றாய். தட்டை நான் எறியவில்லை. கீழே வைத்தேன். கொஞ்சம் பலமாக வைத்தேன். அப்படியே ஏப்ரனோடு பஸ் ஏறினேன்.

ஆறு வருஷமாயிற்று. அந்த வாசலில் ஊர் முழுக்கப் பார்க்க நின்று இன்னொரு தட்டைப் பிடிக்கச் சொல்கிறாய்.

நாற்றைக் கலை. வேறு செய்தி இல்லை.

ஸ்லாவ்கா


செர்னோவா
ஜூன் 9

ஸ்லாவ்காவுக்கு,

விதைப்பு முடிந்து இன்றுதான் முதுகை நிமிர்த்தினேன். அதனால் தாமதம். முட்டி பரவாயில்லை. உன் வேலை எப்படி, நின்றுகொண்டேயிருந்து கால் வீங்குகிறதா?

நாற்றைக் கலைத்தேன். வெட்டும்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

பழக்குவதும் ஆயிற்று. காலையில் தட்டுகளை வெளியே தூக்கி வைப்பேன், சாயங்காலம் உள்ளே தூக்கி வைப்பேன். காற்று அடித்தால் டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடி வருவேன். கூட்டுறவுக் கடையில் காபி குடிக்கிற கும்பல் இதைக் கண்டுபிடித்துவிட்டது. "நெஸ்டர், பொண்ணுங்கள உலாத்திட்டு வந்துட்டியா?" என்று ஒருவன். "ஆலங்கட்டி மழைக்கு இன்ஷூரன்ஸ் போட்டியா?" என்று இன்னொருவன். போட முடியுமா என்று நான் நிஜமாகவே விசாரித்துவிட்டேன். பூவுக்குக் கிடையாதாம்.

ஊரே விடுமுறையில் தக்காளி நட்டது. நான் நடவில்லை. மே 28 பனியில் ஊர்த் தக்காளி எல்லாம் கருகிப்போயிற்று. மறுநாள் காபிக் கும்பல் நான் மட்டும் ஏன் நடவில்லை என்று விசாரித்தது. ஸ்லாவ்கா சொன்னாள் என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன். ரொம்ப ருசியாக இருந்தது.

நாற்றெல்லாம் இப்போது பாத்தியில் இருக்கிறது. அடுத்து "கிள்ளு" என்று போட்டிருக்கிறதே, எதை?

மருந்து அடித்தால் அடுத்த பஸ்ஸில் வருவேன் என்று எழுதியிருந்தாய். டப்பாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தேன். பிறகு டப்பாவைக் கொட்டகையில் பூட்டிவிட்டேன்.

நெஸ்டர்


விக்டோரியா
ஜூன் 20

நெஸ்டருக்கு,

கால் வீக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வடிந்துவிடுகிறது. கேட்டதற்கு நன்றி. தக்காளிக் கதையைப் பண்ணையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

கிள்ளுவது என்றால் நுனியை. செடி ஒரு சாண் வளர்ந்ததும் நடுத்தண்டின் தலையைக் கிள்ளி எறி. ஐயோ என்று நிற்காதே. ஒரு தலை போனால் பக்கத்தில் நான்கு கிளை வரும், நான்கிலும் பூ வரும். கிள்ளாவிட்டால் கொடிக்கம்பம் மாதிரி ஒரே தண்டு, உச்சியில் ஒரே பூ. ஹாலில் எத்தனை மேசை என்று நினைத்துக்கொண்டு கிள்ளு.

பிறகு மூடாக்குப் போடு. செடிகளைச் சுற்றி வெறும் மண் தெரியாதபடி எதையாவது பரப்புவதற்கு அதுதான் பேர். ஈரம் காயாது, களை வராது. வைக்கோல் உன்னிடம் இல்லாமலா?

நானும் ஒன்று கேட்கிறேன். அந்த வடக்குச் சுவர்மேல் கூரை நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மழை விழாது. நான் இருந்தவரை தினம் வாளியில் கொண்டுபோய் ஊற்றுவேன். நான் போனதற்கு அடுத்த கோடையிலேயே பார்வினோக் செத்திருக்க வேண்டும். அது எப்படி இன்னும் கரும்பச்சையாகப் படர்ந்து கிடக்கிறது?

ஸ்லாவ்கா


செர்னோவா
ஜூலை 14

ஸ்லாவ்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கொசுக்களும் சுகம். உன் கால் எப்படி?

நுனி கிள்ளிவிட்டேன். ஒரு கோதுமைக்காரன் குனிந்து பயிரின் தலையைக் கிள்ளுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சில் இருக்கும்போது செய்தேன். நீ சொன்ன மாதிரியே கிளைத்துவிட்டது. முதல் ஜின்னியா நேற்றுப் பூத்தது, நல்ல சிவப்பு. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்ல உன்னைத் தவிர ஆளில்லை.

மூடாக்கு என்று எழுதியிருந்தாயே, ஏதோ புதிதாக வாங்க வேண்டும் என்று பயந்தேன். வைக்கோல் பரப்புவதுதானா? அதற்கு ஒரு பேரா? ஒவ்வொரு அக்டோபரிலும் வடக்குச் சுவர்ப் பக்கம் அந்தக் கொடி குளிரில் கருகாமல் இருக்க ஒரு கட்டு வைக்கோலைப் பிரித்துப் பரப்புகிறேனே, அதுதானா? அப்படியென்றால் எனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைதான், பேர்தான் தெரியாது. ஜின்னியாவுக்கும் அப்படியே செய்துவிட்டேன்.

லரிசா வந்து பார்த்துவிட்டு, "அப்பா, நீங்களா செஞ்சீங்க? சத்தியமா?" என்றாள். நீ சொல்லித்தருகிறாய் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லலாமா?

வருகிறாயா?

நெஸ்டர்


செர்னோவா
ஆகஸ்ட் 10

ஸ்லாவ்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? கோபமா? கோபம் என்றால் எழுது, உடம்பு என்றால் லரிசாவிடமாவது சொல்.

போன கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வரும் வழியில்தான் அதில் வைக்கோலைப் பற்றி எழுதிவிட்டது ஞாபகம் வந்தது. தபால்காரியிடம் போய்த் திருப்பிக் கேட்டேன், மூட்டை கட்டியாயிற்று என்றாள்.

சரி, நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். பூவெல்லாம் அருமையாக முற்றுகிறது. ஜின்னியாத் தலைகள் பழுப்பேறி, தேய்த்தால் விதை உதிர்கிற பதத்துக்கு வந்துவிட்டன. பட்டாணி சடை சடையாய்க் காய்த்துக் கிடக்கிறது. புதிதாக ஒன்றும் பூக்கவில்லை, ஒரே சீராக முதிர்கிறது. இப்படிச் சீராக முதிர்ந்த பயிரை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. கல்யாணத்துக்குச் சரியாக அறுவடைக்கு வந்துவிடும்.

நெஸ்டர்


விக்டோரியா
ஆகஸ்ட் 15

நெஸ்டருக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இதைப் படித்தவுடன் கத்தரியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போ. மீதியை அப்புறம் படி.

எல்லாத் தலையையும் வெட்டு. பழுத்தது, பாதி வாடியது, காய்த்தது, ஒன்றையும் விடாதே. பட்டாணிக் காய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அட மடையா, அது கோதுமை இல்லை. விதை விளைந்துவிட்டால் செடிக்கு வந்த வேலை முடிந்துபோகும், அப்புறம் அது எதற்குப் பூக்க வேண்டும்? வாடிய பூவை வாடினவுடன் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பூ வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும் என்பதால் நான் எழுதவில்லை. முற்றியதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் ஒருத்தன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருஷம் உன்னைத் தெரிந்தும் தோன்றவில்லை, அது என் தப்பு.

வெட்டிவிட்டு நிறையத் தண்ணீர் விடு. மூன்று வாரத்தில் திரும்பப் பூக்கும். பூக்க வேண்டும். லரிசாவின் மேசைகளில் பழுப்பு விதைத் தலைகளை வைக்க முடியாது.

வெட்டியாயிற்றா? இப்போது படி.

களை என்று எழுதினாய். மருந்து அடிக்கட்டுமா என்று எழுதினாய். மழை விழாத இடம், அப்படியென்றால் ஆறு கோடை தண்ணீரும் ஊற்றியிருக்கிறாய், ஆறு குளிர்காலம் வைக்கோல் போட்டிருக்கிறாய், அது என்ன கொடி என்று என்னிடமே கேட்கிறாய். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. உன் மண்டையில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு போடுவாயே, அதில் "கொடிக்குத் தண்ணீர் விட்டேன்" என்று ஒரு வரி எழுத மை இல்லையா?

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வர எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். சமையலறைப் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

லரிசாவிடம் நான்தான் சொல்லித்தருகிறேன் என்று சொல். திட்டு வாங்கினதையும் சேர்த்துச் சொல்.

ஸ்லாவ்கா


செர்னோவா
ஆகஸ்ட் 27

ஸ்லாவ்காவுக்கு,

உன் கடிதத்தைத் தபால் ஆபீஸ் வாசலில் நின்றே படித்தேன். "மீதியை அப்புறம் படி" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து வெட்டினேன். உத்தரவை மதித்தேனா இல்லையா?

வாளி வாளியாய்த் தலைகள். விளைந்த பயிரைக் கோழிக்குக் கொட்டின மாதிரி இருந்தது. லரிசாவும் டாரனும் அந்தச் சமயம் பார்த்து வந்தார்கள். பாத்தியில் ஒரு பூ இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "அம்மாதான் வெட்டச் சொன்னா" என்றேன். "அம்மாவா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்றாள். "பேசல, திட்டிக்கிறோம்" என்றேன். அப்புறம் உன் கடிதங்களை எல்லாம் சமையல் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு படித்தாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். டாரன் நாயோடு வெளியே போய்விட்டான். பையன் விவரமானவன்தான்.

இன்று காலை பார்த்தேன். ஒவ்வொரு கணுவிலும் மொட்டு.

கொடியைப் பற்றி. அது பார்வினோக் என்று எனக்குத் தெரியும். மருந்து என்று எழுதினால் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், பதில் நீளமாக வரும் என்றும் தெரியும். தண்ணீர் ஊற்றியதை ஏன் சொல்லவில்லை என்றால், சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீ இருந்தபோது ஒரு நாளும் அந்த வாளியைத் தூக்காதவன் நான்.

ஹாலைப் பற்றி. அந்தத் தட்டு இன்னும் சமையலறையில் இருக்கிறது. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. "ஸ்லாவ்கா தட்டை எடு" என்றுதான் கேட்பார்கள். பெரோகிக் கொழுக்கட்டை அதில்தான் வரும். வேறு யார் பேரிலும் அந்த ஹாலில் ஒரு தட்டு கிடையாது. அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அது நிஜம். பார்க்காமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு விவரம் மட்டும். வாத்துகள் இப்போதே தெற்கே கிளம்பிவிட்டன. இலையுதிர்கால முதல் உறைபனி சீக்கிரம் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாத்தியை மூட வேண்டியிருக்கும். வீட்டில் இருப்பது இரண்டே படுக்கை விரிப்பு. ஒன்று என் கட்டிலில் இருக்கிறது, இன்னொன்றில் நாய் படுக்கிறது.

நெஸ்டர்


விக்டோரியா
செப்டம்பர் 2

நெஸ்டருக்கு,

நலம். அவசரம். திங்கட்கிழமை இந்தத் தீவிலிருந்து கப்பல் ஏறி அக்கரையில் பஸ் பிடிக்கிறேன், புதன்கிழமை சாயங்காலம் அங்கே இருப்பேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிட்டால் பிரிக்காமல் அடுப்பில் போடு, உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

பண்ணையில் எல்லோரிடமும் கேட்டுப் பழைய விரிப்புகள் ஒரு பெட்டி நிறைய வாங்கிவிட்டேன். பனி வருகிற அன்று சூரியன் இறங்குவதற்கு முன் மூட வேண்டும், மண்ணின் சூடு உள்ளே தங்கும். காலையில் வெயில் ஏறினதும் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், தொட்ட இடமெல்லாம் கருகும். குச்சி நட்டுவை, துணி பூமேல் உட்காரக் கூடாது.

தனியாளாய் விரிப்புப் போடப் பார்க்காதே. ஒருத்தர் இழுத்தால் துணி செடியை ஒடித்துக்கொண்டுதான் வரும். ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அதற்காகத்தான் வருகிறேன்.

பார்வினோக்கில் கை வைக்காதே. பெண்ணின் அம்மாதான் வெட்ட வேண்டும்.

ஸ்டெஃபாவிடம் உப்பைக் கீழே வைக்கச் சொல்.

ஸ்லாவ்கா


செர்னோவா
அக்டோபர் 14

ஸ்லாவ்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று லரிசா சொன்னாள். கால் வீங்கியதா? இங்கே முட்டி, நாய் இரண்டும் நலம்.

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை நான் அறுப்புக் கம்பைன் யந்திரத்தைப் பாதி வயலில் நிறுத்திவிட்டு விரிப்புப் பிடிக்க வந்ததைக் காபிக் கும்பல் இன்னும் விடவில்லை. "நெஸ்டர் அறுப்ப நிறுத்தினானா? அவ கடல் பாக்கணும்னு கேட்டப்பக்கூட நிறுத்தலியேடா" என்கிறார்கள். மறுநாள் காலையில் ஊர்ப் பாத்திகள் எல்லாம் கறுத்துக் கிடந்தபோது நம் வீட்டில் விரிப்பைத் தூக்கினால் உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக நின்றதே, அந்தக் காலையை நினைத்துக்கொள்கிறேன். நீ பூக்களை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய்.

ரொட்டியை அந்த நசுங்கின தட்டில் வைத்துக் கொடுத்தது ஸ்டெஃபா அக்காவின் வேலை, நான் காரணமில்லை, சத்தியம். சமையலறைக்காரி டோரா, "ஸ்லாவ்கா, இந்தத் தடவ ரெண்டு கையாலயும் புடி" என்றாளே, நீ சிரித்த சிரிப்பில் உப்பு கொட்டியது. மாப்பிள்ளை ஷூவுக்குள்தான் போயிற்று. ஸ்டெஃபாவே பிடித்திருக்கலாம்.

வடக்குச் சுவர்ப் பக்கம் மூடாக்குப் போட்டுவிட்டேன். நீ வெட்டின இடத்தில் கொடி அடர்த்தியாகத்தான் வரும் என்கிறாள் அக்கா.

உன் விரிப்புகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அறுப்பு முடிந்துவிட்டது. முழுக்க முடிந்துவிட்டது, களஞ்சியத்தையும் பூட்டிவிட்டேன். விரிப்புகளைத் தபாலில் அனுப்பவா, நேரில் கொண்டுவரவா? வந்தால் கடலையும் பார்த்துவிடுவேன்.

நெஸ்டர்


விக்டோரியா
அக்டோபர் 21

நெஸ்டருக்கு,

கால் வீங்கவில்லை. உன் முட்டிக்கு இங்கே நல்லது, கடற்கரை முழுக்கச் சமதரை. மழைக்கோட்டு எடுத்துக்கொள். நாயை ஸ்டெஃபாவிடம் விடு.

வா. விரிப்புகளைக் கொண்டுவராதே, அங்கேயே இருக்கட்டும். மே மாதம் கடைசி உறைபனிக்கு வேண்டும், அப்போதும் இரண்டு பேர்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்லாவ்கா